விவரம் தெரிந்த பிள்ளைகள் தோற்கும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஆன்லைன் சூதாட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் 'விவரம் தெரியாத இளைஞர்கள் ஆசை வார்த்தையில் ஏமாறுகிறார்கள்' என்று ஒரு வரி. அந்த வரியை என் தங்கை படித்தாள். அவள் மகனும் படித்தான். ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விவரம் தெரியாமல் அவன் பணத்தைத் தொலைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த விவரம் இந்த மதுரையில் இன்னும் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம்.

நான் 29 ஆண்டுகள் அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தங்கை குடும்பம் செல்லூரில் இருக்கிறது. அவள் மகனுக்கு 26 வயது. பி.காம். முடித்துவிட்டு, அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் இரவு வேலை பார்க்கிறான். மாலை ஆறு மணிக்குப் போனால் அதிகாலை நாலு மணிக்கு வேன் தெருமுனையில் இறக்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் தூங்காமல் மொட்டை மாடிக்குப் போய்விடுவான். கையில் போன், மடியில் ஒரு 192 பக்க லாங் சைஸ் நோட்டு. தங்கை வாசல் தெளித்துக் கோலம் போடும்போது மேலேயிருந்து 'ச்சே' என்று ஒரு சத்தம் கேட்குமாம். ஆபீஸ் வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்து பார்க்கிறான், எவ்வளவு பொறுப்பு என்று அவள் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டம். அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதிகாலை நாலரை. 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அநேகமாக ஆட்டம் இல்லாத நாளே கிடையாது. நம் ஊர்ப் பிள்ளைகள் ஐ.பி.எல். ஆட்டத்துக்குப் பணம் கட்டுவது எல்லோருக்கும் தெரியும். அது இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். இது முடிவதில்லை. இவன் கட்டியது அணி ஜெயிக்குமா தோற்குமா என்பதற்குக்கூட இல்லை. இன்னார் இன்றைக்கு ஒரு ஹோம் ரன் அடிப்பாரா என்பதற்கு. ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரி, பந்து தரையில் படாமல் சுவரைத் தாண்டிப் போக வேண்டும். ஆனால் கிரிக்கெட்டைப் போல எந்தப் பக்கம் அடித்தாலும் சரி என்று கிடையாது. முன்னால் விரியும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் போனால்தான் கணக்கில் வரும். ஒருவருக்கு ஒரு ஆட்டத்தில் நாலு அல்லது அஞ்சு முறைதான் மட்டை பிடிக்கும் வாய்ப்பு வரும்.

போன ஆடி மாதம், தங்கையின் அஞ்சு பவுன் சங்கிலி பீரோவில் இல்லை என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் தெரிய வந்தது. அழுகையும் சண்டையும் ஓய்ந்த பிறகு அவனைக் கூப்பிட்டு, அந்த நோட்டைக் கொடு என்றேன். மூன்று நாள் வைத்துப் படித்தேன். 29 வருடத்தில் எத்தனையோ நோட்டு திருத்தியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக ஒரு மாணவியும் எழுதி நான் பார்த்ததில்லை.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பத்திகள். அடிப்பவர் பெயர், வலக்கையா இடக்கையா, எதிரே பந்து வீசுபவர் எந்தக் கை, எந்த மைதானம், சுவர் எத்தனை அடி தூரம், எத்தனை டிகிரி வெயில், காற்று உள்ளே வருகிறதா வெளியே போகிறதா, கடைசியில் ரேட், அதாவது ஜெயித்தால் கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்பது. 2024 ஜூனில் ஒரு வரி: இடக்கை, எதிரே வலக்கை, நியூயார்க் யாங்கீ ஸ்டேடியம், வலது ஓரச் சுவர் 314 அடி, வெயில் 31 டிகிரி, காற்று வெளியே, ரேட் 4.40. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'சுவருக்கு ரெண்டடி முன்னால் பிடித்துவிட்டான்.'

அவன் எழுதியிருப்பதில் அநேகமாக எல்லாமே சரி. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, காற்று அங்கே லேசு, பந்து தூரம் போகும். 'கொடைக்கானல் ஏழாயிரம் அடி பெரியம்மா, அதைவிடக் கொஞ்சம் கீழே' என்று எனக்கு விளக்கினான். பந்து காய்ந்துபோய் இன்னும் துள்ளுகிறது என்று 2002இலிருந்து அங்கே ஈரப்பதம் காக்கும் அறையில் பந்துகளை வைக்கிறார்கள் என்பதும் நோட்டில் இருக்கிறது. பாஸ்டன் மைதானத்தில் இடப்பக்கச் சுவர் 37 அடி உயரம் என்பது இருக்கிறது. மட்டையில் பட்ட பந்து மணிக்கு 98 மைல் வேகத்தில், 26இலிருந்து 30 டிகிரி கோணத்தில் கிளம்பினால் அதுதான் நல்ல அடி என்பது இருக்கிறது. 2015இலிருந்து எல்லா மைதானங்களிலும் கருவி வைத்து ஒவ்வொரு பந்தையும் அளக்கிறார்கள், அந்த அளவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஈரக் காற்று வறண்ட காற்றைவிட லேசானது என்றுகூட எழுதியிருந்தான். பலரும் தலைகீழாகச் சொல்லும் விஷயம் அது. சயின்ஸ் டீச்சரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன், அவன் எழுதியதுதான் சரி.

எங்கள் அப்பாவும் ஒரு டைரி வைத்திருந்தார். பெரியார் பேருந்து நிலையத்தில் லாட்டரிச் சீட்டு வாங்குவார். எந்த வாரம் எந்தக் கடைசி எண் விழுந்தது, அடுத்து எது 'வர வேண்டும்' என்று தினமும் எழுதுவார். 2003இல் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்தபோது அவருக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அவர் டைரியில் இருந்தது அத்தனையும் பொய்க் கணக்கு. குலுக்கலுக்குப் போன வார எண் தெரியாது. அதைச் சொல்லித்தான் தங்கை மகனிடம் நான் பேச்சை ஆரம்பித்தேன். அவன் சொன்னான்: 'தாத்தாவோடது அதிர்ஷ்டம், பெரியம்மா. இது ஆராய்ச்சி.' எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் அவன் சொன்னதில் பாதி உண்மை.

மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கத்தான் அந்த மூன்று நாள் ஆனது.

2024 சீசன் முழுவதும் அவன் கட்டியது 412 முறை, ஒவ்வொரு முறையும் 500 ரூபாய். ஆக 2,06,000 ரூபாய். அதில் 78 முறை அவன் சொன்ன ஆள் ஹோம் ரன் அடித்திருக்கிறார். நூற்றுக்குப் பத்தொன்பது. இது சாதாரணத் தேர்ச்சி கிடையாது. அமெரிக்கப் பெரிய லீகில் எல்லோரும் சேர்ந்து அதிகமாக ஹோம் ரன் அடித்த வருடம் 2019, மொத்தம் 6,776. அந்த வருடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரைத் தொட்டால் நூற்றுக்குப் பதினாறுக்கு மேல் தேறாது. இவன் அதற்கு மேலே போயிருக்கிறான். ஆனால் அவனுக்குக் கிடைத்த சராசரி ரேட் நாலரை. அதாவது 500 கட்டினால் 2,250 திரும்பும். 78 முறைக்கு 1,75,500. கையை விட்டுப் போனது 30,500. போட்ட காசாவது திரும்ப வேண்டுமென்றால் 92 முறை அடித்திருக்க வேண்டும். பதினாலு முறை குறைவு. பதினாலும் அவன் கண்ணுக்கு 'ரெண்டடி முன்னால் பிடித்த' பந்துகளாகவே தெரிந்திருக்கின்றன.

ஆரோன் ஜட்ஜ் என்பவர் 2022இல் 62 ஹோம் ரன் அடித்தார். பெரிய லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1961இலிருந்து நின்ற 61 என்ற சாதனையை அதில் முறியடித்தார். அந்த ஆண்டில் அவர் ஆடியது 157 ஆட்டம். அறுபத்திரண்டும் தனித்தனி ஆட்டத்தில் வந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் 95 ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. மட்டையோடு வந்து நின்றது 696 முறை. நூற்றுக்கு ஒன்பதுகூட வரவில்லை. சாதனை படைத்த வருடத்திலேயே கதை இதுதான். இவ்வளவு அபூர்வமாக நடக்கும் ஒன்றில் ஒருவன் நல்லவிதமாகக் கணிக்கிறானா, மோசமாகக் கணிக்கிறானா என்பது ஒரு மாதத்தில் தெரியாது. ஒரு வருடம் போனாலும் சரியாகத் தெரியாது. அதுவரை 'இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்த்தால் போதும்' என்றே தோன்றிக்கொண்டிருக்கும்.

சரி, இவ்வளவு நன்றாகக் கணித்தும் ஏன் தோற்றான்? பதில் அவன் நோட்டிலேயே இருந்தது, வலது ஓரத்துக் கடைசிப் பத்தியில். சிகாகோ ரிக்லி மைதானத்தில் ஏரிப் பக்கமிருந்து காற்று உள்ளே வீசினால் பந்து மடங்கி விழும், வெளியே வீசினால் பறக்கும். இதைக் கண்டுபிடித்தபோது அவனுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்ததாம். காற்று உள்ளே வீசிய ஒரு நாள், ஒரு ஆட்டக்காரருக்கு ரேட் 5.20 என்று எழுதியிருக்கிறான். பதினோரு நாள் கழித்து அதே ஆள், அதே மைதானம், காற்று வெளியே. ரேட் 4.00. இரண்டு வரிகளையும் பென்சிலால் வட்டம் போட்டு அவன் முன்னால் வைத்தேன். 'நீ காற்றைப் பார்த்தாய். ரேட் போடுகிறவனும் பார்த்திருக்கிறான். நீ தெரிந்துகொண்ட விவரத்துக்கு ஒன்று இருபதைக் குறைத்துக்கொண்டுதான் உன்னிடம் விற்றிருக்கிறான்.' அவன் ரொம்ப நேரம் அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக முந்தைய பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தான்.

பூ மார்க்கெட்டில் நடப்பதும் இதுதானே. நாளைக்கு முகூர்த்தம் என்று எனக்குத் தெரிந்தால் மல்லிகை எனக்கு மலிவாகக் கிடைத்துவிடுமா? மாட்டுத்தாவணியில் எல்லா வியாபாரிக்கும் அது தெரியும். விலையில் முகூர்த்தம் ஏற்கெனவே ஏறியிருக்கும். தேதி தெரிந்ததால் எனக்கு லாபம் கிடையாது. மற்றவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தால் மட்டுமே லாபம். தங்கை மகன் இரவெல்லாம் விழித்துத் திரட்டியது அத்தனையும் மற்றவருக்கும் தெரிந்தது.

இதில் இன்னொன்று. நாணயத்தைச் சுண்டுவதுபோல இரண்டு பக்கமும் ரேட் இருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தலைக்கு 1.90, பூவுக்கு 1.90 என்றால், நூறை 1.90ஆல் வகுக்க ஒவ்வொன்றும் நூற்றுக்கு 52.6 என்று ஆகிறது, கூட்டினால் 105. நூறுக்கு மேலே இருக்கும் அந்த ஐந்து, நடத்துகிறவனின் பங்கு. ஹோம் ரன்னுக்குப் பெரும்பாலும் 'அடிப்பார்' என்ற பக்கத்துக்கு மட்டும்தான் ரேட் இருக்கும். 'அடிக்க மாட்டார்' என்று கட்ட வழியில்லை. கூட்டிப் பார்க்க இரண்டாவது எண்ணே கிடையாது என்பதால் நடத்துகிறவன் பங்கு எவ்வளவு என்பது கண்ணில் படாது. தப்பித் தவறி ஒருவர் தொடர்ந்து ஜெயித்தாலும், அவர் கட்டக்கூடிய தொகையைச் சுருக்கிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம்.

முப்பதாயிரத்தோடு நின்றிருந்தால் சங்கிலி வீட்டில் இருந்திருக்கும். 2025இல் அவன் 'காம்போ'வுக்குப் போனான். மூன்று பெயரைச் சேர்த்துக் கட்டுவது, மூன்று பேரும் அன்றைக்கே ஹோம் ரன் அடிக்க வேண்டும். நாலரையை நாலரையால் பெருக்கி, மறுபடியும் நாலரையால் பெருக்கினால் 91 மடங்கு. ஆசை வராதா? ஆனால் நூற்றுக்குப் பத்தொன்பது என்பதையும் அதேபோல மூன்று முறை பெருக்க வேண்டும். ஏறத்தாழ 147இல் ஒரு முறைதான் நடக்கும். ஒரு பெயருக்குக் கட்டும்போது நூறு ரூபாயில் 85 திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பெயருக்கு 73 ஆகிறது, மூன்றுக்கு 62. ரேட் பெருகும் வேகத்திலேயே நஷ்டமும் பெருகுகிறது.

மே மாதம் ஒரு காம்போ விழுந்தது. 500 ரூபாய்க்கு 45,000க்கு மேலே. அந்தப் பணத்தில் அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தான். கம்பெனியில் போனஸ் என்றான். அந்த மெஷின் இப்போதும் செல்லூர் வீட்டில் ஓடுகிறது. தங்கை அதில் துணி போட்டாலே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட விடாமல் கட்டியிருக்கிறான். லோன் ஆப் ஒன்று, நண்பர்கள் நாலு பேர், கடைசியில் சங்கிலி. அடகில் கிடைத்த 2,40,000 ரூபாய் பதினெட்டு நாளில் தீர்ந்தது.

2024இல் ஜப்பானிய ஆட்டக்காரர் ஓஹ்தானியின் மொழிபெயர்ப்பாளர், அவர் கணக்கிலிருந்து ஏறக்குறைய 1.7 கோடி டாலர் திருடிச் சூதாடிய செய்தி உலகம் முழுக்க வந்தது. 2025இல் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு 57 மாதச் சிறை. அதை இவனும் படித்திருக்கிறான். 'அந்த ஆள் கண்ட விளையாட்டிலும் கட்டினான் பெரியம்மா, நான் ஒன்றே ஒன்றைத்தான் ஆழமாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன்' என்றான். அடுத்தவருக்கு நடந்ததைக் காட்டிப் பயமுறுத்தினால் விவரம் தெரிந்த பிள்ளை தனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கும். உங்கள் கட்டுரையின் அந்த வரியும் அப்படித்தான். 'நான் விவரம் தெரியாதவன் இல்லையே' என்று, இன்றைக்கு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அதைத் தாண்டிப் போய்விடும்.

பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை கெட்டுப்போனால் சோம்பேறியாவான், குடிப்பான், ஊர் சுற்றுவான் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். இவன் சுறுசுறுப்பானான். சினிமாவை விட்டான், அதிகாலையில் விழித்திருந்தான், கையெழுத்து அழகானது. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தினமும் ஒரே நேரத்துக்குப் போனோடு தனியே போகிறானா, எழுதுவதை மூடி மூடி வைக்கிறானா, முகம் தெரியாதவர்களின் யு.பி.ஐ. எண்ணுக்கு ஐந்நூறு ஐந்நூறாகப் பணம் போகிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்தது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை உண்டு. வரவேற்கிறேன். ஆனால் இவன் கட்டிய தளம் எந்த நாட்டில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. முகவரியை மூடினால் வேறு முகவரியில் அதே பச்சை நிறத்தில் வந்துவிடும், டெலிகிராமில் ஒருவர் புது ஐடி கொடுத்துவிடுவார்.

எனக்குத் தெரிந்தது பாடப் புத்தகம். பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு இருக்கிறது. நாணயம், பகடை, பையில் சிவப்புப் பந்து நீலப் பந்து, 52 சீட்டு. ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதோடு அந்தப் பாடம் நின்றுவிடுகிறது. அந்த வாய்ப்பைக் கிடைக்கும் பணத்தோடு பெருக்கி, மொத்தத்தில் லாபமா நஷ்டமா என்று பார்க்கும் 'எதிர்பார்ப்பு மதிப்பு' பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில்தான் வருகிறது. தங்கை மகன் பிளஸ் டூவில் எடுத்தது கணக்குப் பாடமே இல்லாத பிரிவு. வாய்ப்பை அவனாகவே கற்றுக்கொண்டான், நம்மூர்ப் பகடையை விட்டு அமெரிக்கக் காற்றுவரைக்கும் போனான். பெருக்கிப் பார்க்க ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லித் தரவில்லை. அவன் பத்தாவது படித்தபோது வாரம் மூன்று நாள் என்னிடம்தான் டியூஷன் வந்தான். 'எடுக்கப்பட்ட பந்து சிவப்பாக இருக்க நிகழ்தகவு யாது?' என்று நூறு முறை அவனைப் போட வைத்திருக்கிறேன். சிவப்பு வந்தால் மூன்று ரூபாய் தருகிறேன், ஒரு ரூபாய் கட்டுவாயா என்று ஒரே ஒரு முறை கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியை இன்றைக்கும் ராத்திரியில் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பொதுத் தேர்வு வினாவிடை வெளியிடுகிறீர்கள். அதில் ஒரு வாரம் இந்தக் கணக்குக்கு இடம் கொடுங்கள். கணக்கு ஆசிரியர்களும் பத்தாம் வகுப்புப் பாடத்தை முடிக்கும் நாளில், புத்தகத்தில் இல்லாவிட்டாலும், ஒரு பீரியடை இதற்கு ஒதுக்குங்கள். புத்திமதி வேண்டாம். 4.50 என்று கரும்பலகையில் எழுதி, நூறில் எத்தனை முறை ஜெயித்தால் போட்ட காசு திரும்பும் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொன்னால் போதும்.

தங்கை மகன் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அவனே ஒரு நாள் போன் செய்தான். அவர்கள் சொன்னபடி மனநல மருத்துவர் ஒருவரைப் போய்ப் பார்க்கிறான். சம்பளம் அம்மா கணக்குக்கு வருகிறது. சங்கிலிக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம், தைக்குள் திருப்பிவிட எண்ணம்.

அவன் நோட்டில் இரண்டு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். சிகாகோ வரிகள் இரண்டும் அதில் இருக்கின்றன. அவன் சம்மதத்தோடுதான் அனுப்புகிறேன், மேலே இருந்த பெயரை அவனே வெட்டிவிட்டான். வெளியிடுவதாக இருந்தால் கடைசிப் பத்தி, அந்த ரேட் பத்தி, படிக்கும்படி தெளிவாக விழட்டும். ஜெராக்ஸில் அது கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. தேவைப்பட்டால் அசல் நோட்டை நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
திருநகர், மதுரை - 6.
(குடும்பத்தை உத்தேசித்துப் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)